பாரம் இழுத்தால் நிற்கும் எஞ்சின்

வெள்ளப்பாறைத் தோட்டத்து முருகையாவுக்கு மூக்கின் நுனியில் கோபம் என்று, தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் எல்லோருக்கும் தெரியும். கொழுந்தைத் தேயிலையாக்கும் ஸ்டோரில் எண்ணெய் எஞ்சினை ஓட்டிப் பதினான்கு வருஷம் ஆகியிருந்தது. எஞ்சினிடம் மட்டும் அவர் கோபித்ததில்லை. அது கெட்டுப்போனால் ஏதோ ஒரு காரணத்தோடுதான் கெடும், மனுஷனைப் போலக் காரணமில்லாமல் கெடாது என்பார். கள்ளுக்கடைப் பக்கம் தலைவைத்துப் படுக்காதவர். குடித்துவிட்டு வந்து எஞ்சின் பட்டையில் கை போனவர்களை அவர் பார்த்திருந்தார்.

நமுனுகுல மலைச்சரிவில் இருந்த அந்தத் தோட்டத்தில், ஸ்டோரின் சக்கரத்தைச் சுழற்றத் தண்ணீர் வேண்டும் என்று ஓடையை மறித்துக் குளம் ஒன்று கட்டியிருந்தார்கள். அரை மைல் நீளம், ஒடுக்கமான குளம். அதற்கு அப்பால் அக்கரைப் பிரிவு. அங்கே பறித்த கொழுந்தைச் சாக்கில் கட்டித் தலையில் சுமந்து குளத்தைச் சுற்றி வர மூன்று மைல். மழைக்காலத்தில் கொழுந்து வழியிலேயே சூடேறிச் சிவந்துவிடும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தாறாம் வருஷத் தொடக்கத்தில், தோட்டத்தை நடத்தும் பெரியதுரை கொழும்பிலிருந்து பழைய மோட்டார் வள்ளம் ஒன்றை வாங்கினார். ரயிலில் தெமோதரை வரை வந்து, அங்கிருந்து இரட்டை மாட்டு வண்டியில் மலையேறியது அது. பதினெட்டு அடி நீளம், ஒற்றைச் சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின். அதன் பின்னால் கயிற்றில் ஒரு தட்டையான மரத் தெப்பத்தைக் கட்டி, கொழுந்துச் சாக்கையும், வேலை முடிந்து இக்கரை லயத்துக்குத் திரும்பும் பெண்களையும் ஏற்றி இழுத்து வர வேண்டும். வள்ளத்தை ஓட்ட முருகையாவை விட்டால் வேறு ஆளில்லை.

அந்த எஞ்சினில் முருகையாவுக்குப் புதிதாக இருந்தது மின்சாரம் ஒன்றுதான். பெட்ரோலைப் பற்றவைக்கப் பொறி வேண்டும். பொறிக்கு ஒரு பெட்டிக்குள் ஆறு உலர் பாட்டரி, பக்கத்தில் கம்பிச்சுருள் அடைத்த இன்னொரு மரப்பெட்டி. மின்சாரம் பாட்டரியிலிருந்து சுருளுக்குப் போய், எஞ்சினின் இரும்புக்குள் இறங்கி, அங்கிருந்து ஒரு கம்பி வழியாகப் பாட்டரிக்கே திரும்ப வேண்டும். சுற்று எங்கே அறுந்தாலும் பொறி இல்லை. சுருள்பெட்டி வேலை செய்யும்போது வண்டு போல முரலும். அந்தச் சத்தத்தைக் கேட்டே எஞ்சினின் நாடியைச் சொல்லிவிடுவார் முருகையா. நாலு மாதம் வள்ளம் ஒரு குறையுமில்லாமல் ஓடியது.

ஜூன் மாதத்தில், பெரியதுரைக்கு உதவியாக இருந்த சின்னத்துரை வள்ளத்தில் கைவைத்தார். சீமையிலிருந்து வந்து ஒரு வருஷம்கூட ஆகாத இளைஞர். இழுவைக் கயிறு கட்டும் கட்டை வள்ளத்தின் கடைக்கோடியில் இருப்பதால் வள்ளம் திரும்பச் சுணங்குகிறது என்று அவருக்குப் பட்டது. கட்டையை எஞ்சினுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து நட்டு, ஓர் இரும்புப் பட்டையால் எஞ்சினின் காலோடு சேர்த்து முடுக்கச் சொன்னார். முருகையா வேண்டாம் என்றார். இழுக்கிற பாரத்தை எஞ்சினின் காலில் கட்டக்கூடாது, மரச்சட்டத்தில் தனியாக முடுக்குங்கள் என்று இரண்டு முறை சொன்னார். சின்னத்துரை அவர் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. தச்சர் வந்து சொன்னபடி செய்து, துருப்பிடிக்காமலிருக்க எல்லாவற்றுக்கும் மேலே பச்சைச் சாயம் அடித்துவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகுதான் எஞ்சின் நடுக்குளத்தில் நிற்க ஆரம்பித்தது.

வெறும் வள்ளமாக ஓடினால் நிற்காது. அரைப் பாரத்துக்கும் நிற்காது. தெப்பம் நிறைய ஏற்றி, காற்றை எதிர்த்து இழுக்கும்போது, ஊதிய விளக்குப் போல ஒரே நொடியில் அணையும். சுழற்றினால் உடனே பிடித்துக்கொள்ளும். கரைக்குக் கொண்டுவந்து பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கும். முருகையா பெட்ரோலைத் துணியில் வடிகட்டினார். பொறிக்குமிழைக் கழற்றிக் கரியைச் சுரண்டினார். பாட்டரியில்தான் கோளாறோ என்று ஆபீஸ் டெலிபோன் பெட்டியில் இருந்த நல்ல பாட்டரிகளைக் கெஞ்சி வாங்கி மாட்டிப் பார்த்தார். விசையைத் திறந்து துடைத்தார். கம்பி ஒவ்வொன்றையும் கையால் நீவி, எலி கடித்திருக்கிறதா, உறை வெடித்திருக்கிறதா என்று தேடினார். சுருள் வண்டு போல முரன்றுகொண்டிருந்தது. மறுநாள் பாரம் ஏற்றினால் நடுக்குளத்தில் மறுபடி நின்றது.

ஒவ்வொரு தடவையும் ஸ்டோர் வாசலில் வைத்து, எல்லோர் முன்னிலும், சின்னத்துரை கேட்கும் கேள்வி ஒன்றுதான். அவர் கற்றிருந்த தோட்டத்துத் தமிழில், "கரையில் நல்லம், உன் கையில் மட்டும் கெட்டது. ஏன்?" என்பார். அந்தக் கேள்விதான் முருகையாவை எரித்தது. அந்த நாட்களில் வீட்டில் சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போவார். மனைவி செங்கமலம் கேட்டால், ஒரு கம்பி என்னைப் பார்த்துச் சிரிக்கிறது என்பார்.

அக்டோபர் மாதம் மழை பிடித்துக்கொண்டது. குளம் தளும்பி, மிகுந்த தண்ணீர் கலிங்கு வழியாக இரைந்து விழுந்துகொண்டிருந்தது. இந்த நிலையில் முழுப் பாரம் இழுக்கமாட்டேன், இரண்டு நடையாகக் கொண்டுவருகிறேன் என்று முருகையா சொன்னார். கொழுந்து கெட்டுவிடும், ஒரே நடையில் வா என்று சின்னத்துரையிடமிருந்து உத்தரவு வந்தது. இருபத்திரண்டு சாக்கும் பதினொரு பெண்களும் தெப்பத்தில் ஏறினார்கள். கலிங்குக்கு நேராக வரும்போது எஞ்சின் நின்றது.

அவர் சுழற்றினார். பிடித்தது. கயிறு விறைத்ததும் மறுபடி நின்றது. அதற்குள் தெப்பத்தைத் தண்ணீர் இழுக்கத் தொடங்கிவிட்டது. முருகையா துடுப்பை எடுத்துப் பலம்கொண்ட மட்டும் வலித்தார். பெண்கள் சாக்குகளைத் தண்ணீரில் தள்ளினார்கள். குளத்துக் காவல்காரர் வடிவேல் அணைமேல் ஓடிவந்து கயிறு வீசினார். தெப்பம் கலிங்குச் சுவரில் மோதி அப்படியே ஒட்டிக்கொண்டது. ஒருத்தரும் விழவில்லை. ஆனால் மோதலைத் தடுக்கக் கையை நீட்டிய புஷ்பத்தின் வலது கை தெப்பத்துக்கும் சுவருக்கும் நடுவில் அகப்பட்டுவிட்டது. பதுளை ஆஸ்பத்திரியில் இரண்டு விரல்களை எடுத்தார்கள்.

புஷ்பம் முருகையாவின் லயத்தில் மூன்றாவது காம்பரா வீட்டில் குடியிருந்தவள். புருஷனை இழந்து, கொழுந்து பறித்து இரண்டு பிள்ளைகளைக் காப்பாற்றிக்கொண்டிருந்தாள். கொழுந்து பறிக்கிறவளுக்குப் பெருவிரலும் ஆள்காட்டி விரலும் போனால் என்ன மிஞ்சும் என்பதைத் தோட்டத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

அன்று சாயங்காலமே சின்னத்துரை தோட்டத்துப் புத்தகத்தில் எழுதிவிட்டார். ஸ்டோரில் தேயிலைப் பதம் பார்க்கும் டீமேக்கர் சுந்தரலிங்கம் அதைப் படித்துவிட்டு, மனம் பொறுக்காமல் முருகையாவிடம் சொன்னார். வள்ளம் ஓட்டியவன் குடித்திருந்தான், எஞ்சினை அவனே நிறுத்தினான், பழுது எதுவுமில்லை. இவ்வளவுதான் எழுதியிருந்தது. மறுநாள் காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் முருகையாவுக்குப் பேர் இல்லை, அன்றைய வேலையும் கூலியும் இல்லை என்றார்கள். பெரியதுரை நுவரெலியாவிலிருந்து திங்கட்கிழமை திரும்பியதும் வேலையை விட்டு நீக்கும் பத்துச்சீட்டு கொடுத்துக் குடும்பத்தோடு வெளியே அனுப்பிவிடுவார்கள் என்பது பேச்சு.

முருகையா சனிக்கிழமை காலை தெமோதரைக்கு நடந்து, ரயிலேறிப் பதுளைக்குப் போனார். கடைவீதியில் மொஹிதீன் நானாவின் கடை. சைக்கிள் சாமானும் மோட்டார் கார் விளக்குகளும் வைத்திருப்பார், கெட்டதைப் பழுதும் பார்ப்பார். தோட்டத்துக்கு வேண்டிய கம்பியும் பாட்டரியும் அங்கிருந்துதான் வரும். முருகையா நடந்ததைச் சொன்னதும் அவர் கேட்ட மாத்திரத்தில் சுருளில்தான் கோளாறு என்றார். முருகையாவுக்கு ரத்தம் தலைக்கேறியது. சுருள் நல்ல சுருள், இத்தனை மாதமாக அதன் சத்தம் என் காதிலேயே இருக்கிறது என்று சண்டைக்குப் போனார். மொஹிதீன் நானாவும் விட்டுக்கொடுக்கிறவரல்ல. கடைக்கு வந்தவர்கள் விலகி நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

கடைசியில் மொஹிதீன் நானா சலித்துப்போய்க் கேட்டார். "சரி, சுருள் இல்ல, பாட்டரி இல்ல, பெட்ரோல் இல்ல. அப்ப, நிக்கிற நேரத்துல என்னதான் மாறுது?"

"ஒண்ணும் மாறல நானா. கயிறு விறைக்குது, அவ்வளவுதான்," என்றார் முருகையா.

சொன்னவர் அப்படியே நின்றுவிட்டார். கயிறு விறைத்தால் கட்டை இழுபடும். கட்டை இழுபட்டால் பட்டை இழுபடும். பட்டை முடுக்கியிருப்பது எஞ்சினின் காலில். முருகையா கார் விளக்குக் குமிழ் ஒன்றும் இரண்டு முழக் கம்பியும் வாங்கிக்கொண்டு அடுத்த ரயிலைப் பிடித்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை, வடிவேலையும் லயத்து ஆட்கள் மூன்று பேரையும் கூட்டிக்கொண்டு படகுத்துறைக்குப் போனார். வள்ளத்தின் முன்பக்கத்தைத் துறைத்தூணில் கட்டினார். குமிழின் ஒரு கம்பியைப் பாட்டரியில் தொடுத்தார், மறு கம்பியை எஞ்சினின் இரும்பில் வைத்தார். திரும்பும் கம்பி சரியாக இருந்தால் குமிழ் எரிய வேண்டும். எரிந்தது. பிறகு நாலு பேரையும் இழுவைக் கயிற்றைப் பிடித்து, தெப்பம் இழுப்பதுபோல இழுக்கச் சொன்னார்.

மெல்ல இழுத்தார்கள். குமிழ் எரிந்தது. காலை ஊன்றி முழுப் பலத்தோடு இழுத்தார்கள். குமிழ் அணைந்தது. விடச் சொன்னார். எரிந்தது.

முருகையா வள்ளத்துக்குள் குப்புறப் படுத்து, எஞ்சினின் அடியில் முகத்தை வைத்துப் பார்த்தார். எஞ்சினிலிருந்து பாட்டரிக்குத் திரும்பும் கம்பி முன்பு எஞ்சினின் உடம்பிலேயே, பித்தளை மரையில் முடுக்கியிருந்தது. கட்டையை மாற்றிய அன்று அது குறுக்கே வந்திருக்கிறது. தச்சர் அதைக் கழற்றி, புதுப் பட்டையைக் கட்டையோடு சேர்க்கும் மரையாணிக்கு அடியில் கொடுத்துவிட்டார். மேலே சாயம் அடித்துவிட்டதால் பார்த்த கண்ணுக்குப் பட்டையும் காலும் ஒன்றாகவே தெரிந்தன. பாரம் இழுக்கும்போது, தளர்வாக முடுக்கியிருந்த பட்டை எஞ்சினின் காலை விட்டு ஒரு நகக்கண் அளவு எழும்பியது. அவ்வளவுதான், சுற்று அறுந்தது. எஞ்சின் நின்றதும் கயிறு தளர்ந்து, பட்டை இருந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டது. கரையில் வைத்து ஐந்து மாதம் தேடினாலும் எப்படி அகப்படும்?

வடிவேலுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கம்பியைப் பழைய இடத்தில் முடுக்கிவிட்டு, நாளைக்குப் பெரியதுரையிடம் வள்ளம் ஓடுகிறது என்று சொல்லிக் கையெடுத்துக் கும்பிட்டுவிடு, மற்றதெல்லாம் தானாக அடங்கிவிடும் என்றார். சின்னத்துரையின் தப்பை வெளியே எடுத்தால் உன்னை உயிரோடு விடமாட்டார்கள் என்றும் சொன்னார்.

முருகையா எழுந்து உட்கார்ந்தார். முகமெல்லாம் எண்ணெய்.

"சும்மா சரி பண்ணிட்டேன்னா நான் குடிகாரன்தான், வடிவேலு. அந்தப் புள்ளைக்குக் கை போனது என்னாலதான். அப்படியே எழுத்துல நின்னுரும். நான் இதத் தொடமாட்டேன்."

தொடவில்லை. வள்ளத்தை இருந்தபடி விட்டு, வேறு யாரும் தொடாமலிருக்க நாலு பேரையும் அன்று முழுக்கத் துறையில் உட்காரவைத்தார். தானும் அவர்களோடு உட்கார்ந்திருந்தார்.

திங்கட்கிழமை பெரட்டில் எல்லோரும் நிற்கும்போது முருகையா வரிசையை விட்டு வெளியே வந்து பெரியதுரையின் எதிரில் நின்றார். தலைப்பாகையைக் கழற்றவில்லை. பெரியகங்காணி அதட்டினார், அவர் நகரவில்லை. பத்துச்சீட்டுத் தருவதற்கு முன்னால் துரை குளத்துக்கு ஒரு தடவை வர வேண்டும், வந்து பார்த்துவிட்டுக் கொடுக்கட்டும் என்றார். பெரியதுரை இருபத்தைந்து வருஷம் தேயிலையில் இருந்த மனிதர், அதிகம் பேசாதவர். குளத்தைப் பார்த்து நடந்தார். பின்னால் சின்னத்துரையும் சுந்தரலிங்கமும் போனார்கள். அதற்குப் பின்னால் பாதிப் பெரட்டும் போனது.

முருகையா குமிழைத் தொடுத்தார். நாலு பேர் கயிற்றை இழுத்தார்கள். அணைந்தது. விட்டார்கள். எரிந்தது. பெரியதுரை மறுபடி என்று கையைக் காட்டினார். மூன்றாவது தடவை தொப்பியைக் கழற்றிவிட்டு, முழங்காலிட்டுக் குனிந்து பட்டையைப் பார்த்தார்.

சின்னத்துரை இங்கிலீஷில் வேகமாக ஏதோ சொன்னார். சுந்தரலிங்கம் அதைத் தாழ்ந்த குரலில் தமிழில் சொன்னார். நேற்று முழுக்க இவன் வள்ளத்தில்தான் இருந்தான், கம்பியைக் கழற்றி இந்த இடத்தில் மாட்டி நாடகம் ஆடுகிறான் என்பது அதன் பொருள்.

முருகையா கையிலிருந்த மரை முடுக்கும் சாவியை ஓங்கிவிடுவார் என்று வடிவேல் பயந்து அருகே வந்தார். முருகையா சாவியைக் கீழே போட்டார். பிறகு பெரியதுரையைப் பார்த்துப் பேசினார்.

"தொரைங்க அந்த மரையப் பாருங்க. ஜூன் மாசம் தச்சாசாரி அடிச்ச பச்சைச் சாயம், கம்பிமேலயும் மரைமேலயும் ஒண்ணாப் படிஞ்சிருக்கு. யாராவது கழட்டியிருந்தா சாயம் வெடிச்சிருக்கணும். ஒரு கீறல் இருந்தா இப்பவே எனக்குச் சீட்டக் குடுங்க."

பெரியதுரை நகத்தால் சாயத்தைச் சுரண்டிப் பார்த்தார். கீறல் இல்லை. கட்டையை இங்கே வைக்கச் சொன்னது யார் என்று இங்கிலீஷிலேயே கேட்டார். அதை யாரும் தமிழில் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சின்னத்துரையின் கழுத்து சிவந்தது. தச்சரைக் கூப்பிட்டனுப்பக்கூட இல்லை.

இப்போதே சரிசெய்து வள்ளத்தை ஓட்டு என்று பெரியதுரை முருகையாவிடம் சொன்னார். எல்லோரும் மூச்சுவிட்டார்கள். முருகையா அசையவில்லை. எழுதியதை முதலில் அழிக்க வேண்டும், புஷ்பத்தின் பேரைப் பெரட்டில் வைக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் சாவியைத் தொடுவேன் என்றார். தோட்டத்தில் அதுவரை ஒருவரும் துரையிடம் அப்படிப் பேசியதில்லை. கங்காணி வாயில் துண்டை வைத்துக்கொண்டார்.

பெரியதுரை புத்தகத்தைக் கொண்டுவரச் சொன்னார். துறைப் பலகைமேல் வைத்து, அந்த வரிகளைச் சிவப்பு மையால் அடித்தார். பழுது கம்பியில் இருந்தது, ஓட்டியவன் மேல் குற்றமில்லை என்று கீழே எழுதினார். சுந்தரலிங்கம் அதைச் சத்தமாக வாசித்தார். புஷ்பம் கை ஆறியதும் பிள்ளைக்காம்பராவில் பிள்ளை பார்க்கட்டும், பேர் முழுப்பேராக, முழுநாள் கூலியோடு இருக்கும் என்றார் துரை. யார் தப்பு என்று மட்டும் எழுதவில்லை. முருகையா அதையும் கேட்டார். பெரியதுரை தொப்பியை வைத்துக்கொண்டு நடந்துவிட்டார்.

அந்தக் காலையிலேயே முருகையா கம்பியை எஞ்சினின் உடம்பில் பழைய பித்தளை மரைக்குக் கொண்டுபோய், இரும்பு வெளுக்கச் சுரண்டி முடுக்கினார். கட்டையைப் பெயர்த்து மரச்சட்டத்தில் தனியாக நட்டார். அதற்குப் பிறகு நடுக்குளத்தில் எஞ்சின் நின்றதாக யாரும் சொல்லவில்லை.

லயத்தில் அவரைத் தூக்கிவைத்துப் பேசினார்கள். அவருக்கு அந்தப் பேச்சு பிடிக்கவில்லை. சின்னத்துரை ஒரு நாள் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் புஷ்பத்தின் முகத்தைப் பார்த்திருந்தால் தன் கோபம் பாதியாவது தணிந்திருக்கும் என்று செங்கமலத்திடம் சொன்னார். சின்னத்துரை போகவில்லை. புஷ்பம் திரும்பி வந்த பிறகு, பிள்ளைக்காம்பரா வாசலில் அவளைக் கடக்க நேர்ந்தாலும் குதிரையை வேறு பாதையில் திருப்பினார். வள்ளத்தில் சின்னத்துரையைத் தனியாக ஏற்றிப்போக ஒருமுறை ஆள் வந்தபோது, எனக்கு ஸ்டோரில் வேலை இருக்கிறது என்று முருகையா சொல்லியனுப்பினார். அதற்கு அவரை யாரும் தண்டிக்கவில்லை. தண்டித்தால் குளத்துக் கதையை மறுபடி பேச வேண்டி வரும்.

இரண்டு வருஷம் கழித்துச் சின்னத்துரைக்கு ஹாலிஎல பக்கம் வேறொரு தோட்டத்தில் பெரிய உத்தியோகம் கிடைத்தது. வழியனுப்புவதற்குப் பந்தல் போட்டு, மாலையும் மேளமும் வைத்து, எல்லோரும் பதினொரு மணிக்கு வர வேண்டும் என்று தண்டோரா போட்டார்கள். முருகையா காலையிலேயே அக்கரைக்குப் போய்விட்டார். அன்று காலை பறித்த கொழுந்து கொஞ்சம் அங்கே கிடந்தது. சாக்குகளைத் தானே தெப்பத்தில் ஏற்றிக்கொண்டிருந்தபோது, அக்கரைப் பிள்ளைக்காம்பராவில் தான் பார்க்கும் கைக்குழந்தை ஒன்றை இடுப்பில் வைத்துக்கொண்டு புஷ்பம் கரையோரம் வந்தாள். அவளும் பந்தலுக்குப் போகவில்லை. மேளச் சத்தம் தண்ணீர்மேல் வந்துகொண்டிருந்தது.

"போறவரு போறாரு. இன்னுமா அண்ணே கோவம்?" என்று கேட்டாள்.

"ஆமா புள்ள," என்றார் முருகையா. "உனக்கு இல்லியா?"

புஷ்பம் குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். இருக்கு என்று தலையை ஆட்டினாள். முருகையா அவளுக்குத் தெப்பத்தில் சாக்கை ஒதுக்கி இடம் கொடுத்துவிட்டு, எஞ்சினைச் சுழற்றினார்.